பர்சபாவைத் தேடிய கதை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் கஸ்பார்.

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வியாழன் பூசைக்குப் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். பன்னிரண்டு ஆண்கள் அப்போஸ்தலர்களாக உட்காருவார்கள். பங்குச்சாமி முழங்காலிட்டு அவர்கள் பாதங்களைக் கழுவுவார். பக்கத்தில் குனிந்து செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவது நான். இருபத்திரண்டு வருடம் ஊற்றியிருக்கிறேன். யாருக்குக் குதிகாலில் வெடிப்பு, யாருக்குச் சுண்டுவிரலில் நகம் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் பாதம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை உட்கார்ந்தவர் சாகும்வரை அந்த நாற்காலி அவருக்குத்தான். அது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருடத் தவக்காலத்தில் கடைசி நாற்காலிக்காரர் சலேத்தையா இறந்துபோனார். அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதே எனக்கு அந்த நாற்காலியின் நினைப்புதான்.

பங்குக் கூட்டத்தில் ஒருவர் என் பேரைச் சொன்னார். உடனே கஸ்பார் எழுந்தார். முப்பது வருடம் பம்பாயில் இருந்துவிட்டு, மூன்று வருடம் முன்புதான் ஊருக்கு வந்தவர்.

"வேதமுத்தண்ணன் உட்கார்ந்துட்டா தண்ணி யாரு ஊத்துறது? செம்புக்குப் பழகின கை அவர் கைதான். வேணும்னா கையைக் கழற்றி வச்சுட்டு உட்காரட்டும்."

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவியும் சிரித்தாள்.

அடுத்து ஒருவர் கஸ்பார் பேரைச் சொன்னார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் பங்குச்சாமி ஹிலாரி இரண்டு சீட்டில் இரண்டு பேரையும் எழுதி, காணிக்கை எடுக்கும் துணிப்பையில் போட்டுக் குலுக்கினார். மணியடிக்கும் கோயில்பிள்ளை கையை விட்டு ஒன்றை எடுத்தார். கஸ்பார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஹிலாரி சாமிக்கு என் இளைய மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் வேதத்தில் எனக்கு அவர்தான் குரு. சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவர் வாசிப்பார், நான் கேட்பேன். அன்றும் போனேன்.

"நீங்க செஞ்சது சரியா சாமி?"

"அப்போஸ்தலர்கள் செஞ்சதுதான். யூதாஸ் போனதும் ஓர் இடம் காலி. ரெண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டாங்க. மத்தியாவுக்கு விழுந்தது."

"விழாதவன் பேரு?"

"யோசேப்பு. பர்சபான்னு கூப்பிடுவாங்க. யுஸ்துன்னும் ஒரு பேர் உண்டு."

"ஒரே ஆளுக்கு மூணு பேரு இருந்தும் ஒரு நாற்காலி கிடைக்கலையா அவனுக்கு?"

சாமி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவன் எப்போ வந்து சேர்ந்தவன்?"

"முதல்லேருந்து கூடவே இருந்தவர்."

"பார்த்தீங்களா! அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"வியாழக்கிழமை முடியட்டும். செம்பைத் தேய்ச்சு வைங்க ஐயா."

பெரிய வியாழன் வந்தது. எங்கள் ஊரில் பாதம் கழுவ உட்காருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு வருவார்கள். கழுவித் துடைத்த துண்டில் ஒருநாளும் அழுக்குப் பட்டதில்லை. அன்று நானும் குழாயடியில் என் கால்களைத் தேய்த்துக் கழுவினேன். யாருக்காக என்று மனைவி கேட்டாள்.

பதினொரு பேருக்கும் முறையாக ஊற்றினேன். கஸ்பாரிடம் வந்ததும் செம்பை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தேன். தண்ணீர் தெறித்தது.

"மெதுவா அண்ணே, வேட்டி நனையுது."

"தண்ணின்னா நனைக்கத்தான் செய்யும்."

சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கஸ்பாரின் பாதத்தைத் துடைத்து முத்தமிட்டார். நான் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை அவரிடம் போனேன்.

"பர்சபா என்ன ஆனான் சாமி?"

அவர் பைபிளைத் திறந்து, அப்போஸ்தலர் பணி என்ற புத்தகம் தொடங்கும் இடத்தில் ஒரு புனிதர் படத்தை அடையாளம் வைத்து என் கையில் கொடுத்தார்.

"இருபத்தெட்டு அதிகாரம். நீங்களே தேடுங்க."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தானே வாசிக்க வரும்?"

"பேரைத் தேட அது போதும்."

மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து நகர்த்தினேன். ஒருநாள் அரைப்பக்கம், ஒருநாள் ஒரு பக்கம். கஸ்பார் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போவார்.

"என்னண்ணே, பரீட்சையா?"

நான் விரலை எடுக்கவில்லை.

பதினைந்தாம் அதிகாரத்தில் கிடைத்துவிட்டது. பர்சபா! சட்டையைக்கூட மாட்டாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாமி வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுட்டான் சாமி! நம்பிக்கையான ஆளுன்னு அந்தியோக்கியாவுக்கே அனுப்பியிருக்காங்க. நான் அப்பவே நினைச்சேன்."

"பர்சபாவுக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு?"

விரலை வைத்துப் பார்த்தேன். யூதா.

"இவர் வேற ஆள் ஐயா. யூதா பர்சபா. உங்க ஆள் யோசேப்பு பர்சபா."

"பேரையும் இன்னொருத்தன் எடுத்துக்கிட்டானா?" என்றேன்.

"உட்காருங்க. மோர் குடிங்க. இன்னும் பதிமூணு அதிகாரம் இருக்கே."

பெந்தெகோஸ்துக்கு முந்தின நாள் முடித்தேன். கப்பல் உடைந்தது, பாம்பு கடித்தது எல்லாம் வந்தது. யோசேப்பு பர்சபா மட்டும் வரவில்லை.

"இல்லை சாமி. முதல் அதிகாரத்துக்கு அப்புறம் ஓர் இடத்திலும் இல்லை. கூடவே திரிஞ்சவன். ஒரு வரி எழுத மனசு வரலையா?"

"சரி. இனி மத்தியாவைத் தேடுங்க."

"சீட்டு விழுந்தவனையா? அவனை நான் ஏன் தேடணும்?"

"தேடிட்டு வாங்க."

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். விரலுக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. ஆனால் மனது முந்திக்கொண்டு ஓடியது. எந்தப் பக்கத்தில் அவன் பெரிய ஆளாக வந்து நிற்பானோ என்று ஒவ்வொரு தாளையும் பயந்து புரட்டினேன். பேதுரு வந்தார், பவுல் வந்தார், ஊர் ஊராகப் போனார்கள், அடி வாங்கினார்கள், சிறையில் கிடந்தார்கள். ஐந்தாம் அதிகாரம். பத்து. இருபது. அவன் வரவில்லை. வராமல் போகப் போக எனக்குச் சோறு ருசித்தது. நீங்கள் இப்போது நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று மனைவி சொன்னாள்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் கடைசி வரியும் முடிந்தது. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு நடந்தேன். வழியில் கஸ்பார் எதிரே வந்தார். மாதக்கணக்கில் முகம் கொடுக்காத நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஹிலாரி சாமி கோயில் வாசலில் நின்றிருந்தார்.

"மத்தியா கிடைச்சாரா?"

"இல்லை சாமி! சீட்டு விழுந்ததோட சரி. அப்புறம் அவன் பேரும் ஓர் இடத்திலும் இல்லை."

"அதைச் சொல்லவா இவ்வளவு சந்தோஷமா வர்றீங்க?"

"பின்னே? நாற்காலி கிடைச்சவனுக்கும் ஒண்ணும் இல்லையே. எனக்கு இப்பத்தான் வயிறு குளிர்ந்துது."

சாமி என் கையிலிருந்து பைபிளை வாங்கினார். கொஞ்ச நேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாற்காலி உங்களுக்கு வேணும்னு இத்தனை நாளும் நினைச்சிருந்தேன் ஐயா. கிடைச்சவருக்கு ஒண்ணும் இல்லாமப் போனாலே போதுமா உங்களுக்கு?"

வாசல் கதவுக்குப் பின்னால் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னைப் பார்த்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்ததற்குக் கஸ்பார் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.