ஓட மறந்த மான்கள்

மலைகளுக்கு யாரும் பேர் வைக்காத காலத்தில் ஒரு ராஜா இருந்தான். அவன் சீமையில் பெரிய புல்மேடு ஒன்று இருந்தது. அங்கே எருமை மேய்த்துப் பிழைத்த மாதியின் கதை இது. சத்தம் போடாமல் கேளுங்கள். கதையிலும் சத்தம் குறைவுதான்.

மேட்டில் மூன்று புலிகள். மழைக்காலம் வந்தால் மாதியின் பட்டியில் ஒரு கன்றாவது குறையும். வயிறெரிந்து அவள் அரண்மனை வாசலில் போய் அழுதாள். ராஜா மனம் இரங்கி ஆள் அனுப்பினான். முதல் புலி குழியில் செத்தது. இரண்டாவது ஈட்டியில் செத்தது. மூன்றாவது விஷம் வைத்த இறைச்சியில் செத்தது. போதாதென்று கூத்தன் என்ற வில்லாளியையும் காவல் வைத்தான். இன்னொரு புலி வந்தால், மாதி சொன்னதும் அவன் அம்பு விட வேண்டும்.

முதல் வருஷம் பட்டி நிறைந்தது. இரண்டாம் வருஷம் மேடெல்லாம் கடமான். மூன்றாம் வருஷம் மான்கள் ஓடுவதையே மறந்துவிட்டன. கல்லெறிந்தாலும் நகரவில்லை. புல்லை வேரோடு தின்றன, மரப்பட்டையைத் தின்றன, மாதியின் கூரையையும் தின்றன. விடிந்து கதவைத் திறந்தால் வாசல் நிறைய முகங்கள், இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் ஒரு மான் எதையோ அரைத்துக்கொண்டு நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். செத்த புலியின் விலா எலும்பு. 

மண் மழையில் கரைந்தது. ஊற்று வற்றியது. எருமைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மிஞ்சியது ஒரே ஒரு கறவை. அதன் பாலில்தான் அவளும் பிள்ளைகளும் உயிர் வைத்திருந்தார்கள். அதை வாசலிலேயே கட்டி வைத்தாள்.

ஒரு சாயங்காலம் எல்லை மலையிலிருந்து பெண்புலி ஒன்று இறங்கி வந்தது. மேடு முழுக்க மான்கள் ஒரே சமயத்தில் தலை தூக்கின. பிறகு ஓடின. அந்த ஓட்டத்தில் குடிசை அதிர்ந்தது.

கட்டிக் கிடந்த எருமை எங்கே ஓடும்? புலி அதன் பக்கம் திரும்பியது. கூத்தன் நாணை இழுத்தான்.

"அம்பை விடட்டுமா ஆத்தா?"

மான்கள் நின்ற இடத்தை மாதி பார்த்தாள். ஒரு புல் இல்லை, வெறும் செம்மண்.

"வில்ல எறக்கு சாமி. எருமை போனா எங்க வயிறுதான் காயும். புலி போனா மேடே காஞ்சிரும்."

எருமை ஒரு தரம்தான் கத்தியது. மாதி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளைகளோடு கிழங்கு தோண்டித் தின்று அந்த வருஷத்தைத் தள்ளினாள்.

புலி தங்கிவிட்டது. மான்கள் குறைந்தன, இருந்தவையும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவை விட்டுப்போன இடத்தில் அடுத்த மழைக்குப் புல் தலை நீட்டியது. சேதி கேட்ட ராஜா மாதிக்கு ஒரு சினை எருமை அனுப்பினான். அது ஈன்ற கன்றைப் புலி கொண்டுபோனது. மாதி நாள் முழுக்க வாய் நிறையத் திட்டினாள். கூத்தனை மட்டும் கூப்பிடவில்லை.

நமக்குக் கேடு செய்கிறது என்பதற்காக எந்த உயிரையும் உலகத்துக்கே வேண்டாதது என்று தீர்த்துவிடக் கூடாது.