சறுக்குப்பாறை ஏறிய காட்டெருமை

மலையடிக் காட்டில் கொம்பி என்றொரு காட்டெருமை இருந்தாள். ஒவ்வொரு மாசியிலும் அடிவாரத்துக் குட்டைகள் வற்றிவிடும். கூட்டம் மொத்தமும் சறுக்குப்பாறை வழியாக உச்சிப் புல்வெளிக்கு ஏறிவிடும். போன மாசியில் கோமாரி நோயில் கிடந்து எழுந்த கொம்பியால் பாதிப் பாறைக்கு மேல் ஏற முடியவில்லை. சறுக்கி விழுந்தவள், அடிவாரத்துச் சேற்றை உறிஞ்சியே கோடையைக் கடத்தினாள்.

இப்போது அவளுக்கு ஒரு கன்று இருந்தது. தாய் ஏறாவிட்டால் கன்றும் ஏறாது. சேற்றுத் தண்ணீரைக் குடித்தால் அது பிழைக்காது. அடுத்த மாசிக்குள் உடம்பில் பலம் ஏற்றியே தீருவது என்று ஆடி மாதமே கொம்பி முடிவுகட்டிவிட்டாள்.

யாரிடம் கற்பது? காட்டெருமைகளுக்கு உருவத்தைப் பார்த்து மரியாதை கொடுக்கும் பழக்கம். பெரிய கொம்பன் முன்னால் போவான், மற்றவர்கள் வழிவிடுவார்கள். அதே புத்தியோடு கொம்பி நேரே யானையிடம் போனாள்.

யானை நல்லவன்தான். வெகுநேரம் யோசித்தான். "எனக்குச் சொல்லத் தெரியலையே, தங்கச்சி. நான் பொறந்தப்பவே இப்படித்தான் இருந்தேன். மூங்கில் திங்கிறேன். நீயும் தின்னு பாரேன்" என்றான்.

கொம்பி ஒரு வாரம் முற்றிய மூங்கிலாகப் பார்த்துத் தின்றாள். வயிறு உப்பியதுதான் மிச்சம்.

அடுத்து அத்திமரத்துக் கடுவன் குரங்கு. அவன் பெயர்தான் அப்போது காடெங்கும் அடிபட்டது. கிளையில் தொங்கியபடி தோளை முறுக்கிக் காட்டுவான். பதினைந்தே நாளில் பலம் வரும், வராவிட்டால் வாலை அறுத்துக்கொள்கிறேன் என்று சவடால் அடிப்பான். கொம்பி பலாமரத்தை முட்டி அவனுக்குப் பழம் உதிர்த்துக் கொடுத்தாள். தினம் நூறு தரம் குதிக்கச் சொன்னான். அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவளும் குதித்தாள். நாலாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது.

நொண்டிக்கொண்டே போய் முறையிட்டாள். அவன் கிளையைவிட்டு இறங்கக்கூட இல்லை. "உனக்கு மனசுல உறுதி இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற காட்டுப்பன்றியைக் கூப்பிட்டான்.

கொம்பிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உறுதி இல்லையாம்! புல்லில் போய்ப் படுத்துக்கொண்டாள். அங்கே ஒரு சாணிவண்டு, தன்னைவிடப் பல மடங்கு கனமான சாணி உருண்டையைப் பின்னங்கால்களால் மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. அது அவள் போட்ட சாணிதான்.

"போன வாரம் உன் சாணியில மூங்கில் நார் செரிக்காமக் கெடந்துச்சு. இந்த வாரம் ஒரே இடத்துலயே போடுற. கால் சரியில்லையா, தாயி?" என்று வண்டு கேட்டது.

கொம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னாள். மாசிக்குள் மலை ஏற்றிவிடுவாயா என்றும் கேட்டாள்.

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நானே மொதல்ல மிளகளவு உருண்டையைத்தான் தள்ளினேன். தினமும் உன்னைப் பாத்து, அதுக்கேத்த மாதிரி சொல்லுவேன். அவ்வளவுதான்."

பட்டவள் அல்லவா? இதற்குமுன் யாரைத் தேற்றியிருக்கிறாய் என்று கேட்டாள். செந்நாய் கடித்து நொண்டிய ஒரு மிளாமானை வண்டு காட்டியது. கொம்பி அந்த மானிடமே போய் விசாரித்தாள். நடக்க ஒன்பது மாதம் ஆனது என்று அது ஒளிக்காமல் சொன்னது. அந்தக் கணக்கைக் கேட்டபிறகுதான் கொம்பிக்கு நம்பிக்கை வந்தது.

வீக்கம் வடியும்வரை சமதரையில் நடை மட்டும். பிறகு பாறையில் இருபதே அடி. நிற்க வேண்டிய இடத்தில் வண்டு ஒரு சாணி உருண்டையை வைத்துவிடும். "இன்னும் அம்பது அடி ஏறுவேனே, வண்டண்ணே" என்று கொம்பி முரண்டு பிடிப்பாள்.

"ஏறுவ. நாளைக்கு வர மாட்ட."

சில நாளுக்கு ஒருமுறை உருண்டை கொஞ்சம் மேலே நகரும். ஐப்பசி மழையில் கன்றுக்குக் கழிச்சல் கண்டு எட்டு நாள் பயிற்சி நின்றுபோனது. திரும்பி வந்து பார்த்தால், உருண்டை பத்தடி கீழே இருந்தது. கொம்பிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்கினாள். மார்கழிப் பனியிலும் அவள் வராத நாள் இல்லை, வண்டு ஓய்வெடுக்கச் சொன்ன நாளைத் தவிர.

மாசி பிறந்தது. கூட்டம் ஏறியது. பாதிப் பாறையில் கன்றின் குளம்பு வழுக்கியது. கொம்பி பின்னங்கால்களை ஊன்றி நின்று, நெற்றியால் கன்றுக்கு முட்டுக்கொடுத்தாள். ஒரு மூச்சு, ஓர் அடி. மறுபடி ஒரு மூச்சு, ஓர் அடி. கால்கள் நடுங்கவில்லை. உச்சிச் சுனையில் கன்று முகத்தை அமிழ்த்திக் குடித்தபோது அவள் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையிலேயே கொம்பி சரிவில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் மூத்த எருமை அதைப் பார்த்துச் சிரித்தாள். "அதான் வந்து சேந்துட்டியே, இன்னும் எதுக்குடி?"

"அடுத்த மாசியும் வருமே, அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொம்பி அடுத்த அடியை எடுத்துவைத்தாள்.

பலத்தைக் காட்டுபவரை விட்டு, நம்மைக் கவனித்து நாளுக்கு நாள் சிறுகச் சிறுக ஏற்றிவிடுபவரையே வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும்.