பசி பிடிச்ச இரும்புத் தூள்

ஒரு கடலோர ஊர்ல ஒரு அச்சுமுறுக்குக்காரி இருந்தாளாம். பேரு டெல்பினம்மா. அவளும், கூட அஞ்சு பொம்பளைங்களும், ஆக ஆறு பேரு, ஒரே கொட்டகையில முறுக்கு சுடுவாங்க. அச்சை மாவுல முக்கி எண்ணெயில வச்சா, சொய்ங்ங்! பூ மாதிரி கழண்டு விழும். ம் சொல்லு.

அந்த ஊர்ப் படகு கடலுக்குப் போனா, திரும்பி வர நாப்பது நாள் ஆகும். நாளுக்கு ஒண்ணுன்னு படகுக்கு நாப்பது பாக்கெட் முறுக்கு கூடப் போகும். டெல்பினம்மா நல்லா இறுக்கி ஒட்டித்தான் குடுத்தா. ஆனா இருபதாம் நாளே சிக்கு வாடை! படகோட்டி சேசடிமை கரையில கால் வச்சதும் கத்தினாரு.

"மதினி, உங்க முறுக்கை மீனுக்குப் போட்டோம். மீனே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு! இன்னும் ரெண்டு பயணம் பார்ப்பேன். அப்புறம் டவுன் பேக்கரிதான்."

அவரு மாறினா மத்த பதினாறு படகுக்காரங்களும் மாறிடுவாங்க. அப்போ ஆறு பேரோட அடுப்பும் அணைஞ்சிடுமே! ம்?

அப்புறம் டெல்பினம்மா, காலேஜ் லேப்ல வேலை பார்க்கிற அண்ணன் மக ஷெரினைக் கேட்டா.

"அத்தே, காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். பாக்கெட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட அதுதான் எண்ணெயைக் கெடுக்குது."

சொல்லிட்டு, பாக்கெட்டுக்கு ஒண்ணு போடச் சொல்லி, காத்துப் புகாத ஒரே உறையில நாப்பது குட்டிப் பொட்டலம் கொண்டு வந்தா. உள்ளே நானோ இரும்புத் தூள். எவ்வளவு பொடி தெரியுமா? ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள ஆயிரம் துகள் வரிசையா நிக்கலாம். அத்தனைக்கும் அகோரப் பசி! ஆக்சிஜனைக் கண்டா லபக் லபக்னு முழுங்கிட்டு, பொட்டலத்துக்குள்ளயே துருவாயிடும். முறுக்குல ஒட்டாது.

ரெண்டாவது பயணமும் போய் வந்துச்சு. அப்பவும் சிக்கு வாடை!

"இப்ப இரும்பு வேற போட்டு அனுப்புறீங்களா? நங்கூரம் எங்ககிட்டயே இருக்கு மதினி!"ன்னாரு சேசடிமை.

ஷெரின் ஓடி வந்தா. "எப்படி அத்தே போட்டீங்க?"

"உறையைக் கிழிச்சு, நாப்பதையும் தாம்பாளத்துல பரப்பி, மாதா முன்னால வச்சு அம்பத்துமூணு மணி ஜெபமாலை சொன்னோம். கடலுக்குப் போற சாமான் எல்லாத்துக்கும் அப்படித்தானே?"

"பொட்டலம் கதகதன்னு சுட்டுச்சா?"

"ஆமாடி! மாதா ஆசீர்வாதம்னு நினைச்சேன்."

"ஐயோ அத்தே, அது சாப்பாட்டுச் சூடு! வெளிக்காத்தைத் தின்னே வயிறு ரொம்பிடுச்சு. அப்புறம் பாக்கெட்டுக்குள்ள போய் என்னத்தைத் திங்கும்?"

மூணாவது பயணம். இதுதான் கடைசி. ஷெரின் புதுசா நாப்பது பொட்டலம் கொண்டாந்து குடுத்தா. டெல்பினம்மா அன்னைக்கு உறையை மூடினபடியே மாதா முன்னால வச்சா.

"மாதாவுக்கு உறைக்குள்ளயும் கண்ணு தெரியும். முதல்ல ஜெபம், அப்புறம் கத்தரி!"

அம்பத்துமூணு மணியும் உருண்டுச்சு. ஆமென் சொன்னதும் சரக்! உறையை வெட்டினா. மூணு பேரு போட, மூணு பேரு ஒட்ட, டப், டப், டப்! பத்தே நிமிஷத்துல நாப்பதும் முடிஞ்சுது.

பத்து நாள் ஆச்சு. இருபது ஆச்சு. முப்பது ஆச்சு. நாப்பதாம் நாள் டக டக டகன்னு படகு வந்துச்சு. சேசடிமை கையில ஒரு பாக்கெட்டோட, முகத்தை உம்முனு வச்சுக்கிட்டு நேரா கொட்டகைக்கு வந்தாரு.

பாக்கெட்டைக் கிழிச்சாரு, சர்ர்! மோந்து பார்த்தாரு. ஒரு கடி.

கறுக்!

"மதினி, இது கடைசிப் பாக்கெட். இதுக்காகப் பயலுவ அடிச்சுக்கிட்டானுவ. ஐஸ் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சுல்ல கொண்டாந்தேன்!"

அப்புறம் கரையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாரு பாரு: "ஏலே, பதினேழு படகுக்கும் இனி முறுக்கு இங்கதான்!"

ஆறு பேரும் குலவை போட்டாங்க, லுலுலுலு! பதினேழு படகு, படகுக்கு நாப்பது. எத்தனை பாக்கெட் ஆச்சு? அறுநூத்தி எண்பது! கொட்டகை முழுக்க சொய்ங், சொய்ங், சொய்ங்...

ம் வரலையே? சரி சரி. கதையை ஒட்டி வச்சாச்சு, நீயும் கண்ணை ஒட்டித் தூங்கு.