கொண்டலாத்தியின் தலைப்பாகை

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், கொண்டலாத்திக்குத் தலை மொட்டையாக இருந்தது. நீண்ட மூக்கு, அதற்குப் பின்னால் வழுவழுவென்று ஒரு சின்னத் தலை, அவ்வளவுதான். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் பாறைக்குடிக் கோட்டையில் அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் மாயழகு. பனைமரம் மாதிரி உயரமான வீரன். ஆற்றங்கரைக் காவல் அவனுடையது. அவனோடு சேர்ந்து வேவு பார்ப்பது கொண்டலாத்தியின் வேலை. அப்போதெல்லாம் படையில் பறவைகளுக்கும் இடம் உண்டு.

கோட்டையின் அழகே அதன் தலைப்பாகைதான். செம்மண் நிறத்தில் பத்து முழத் துணி, ஓரத்தில் கறுப்புக் கரை. அதைக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, உச்சியில் ஒரு விசிறி விரிந்து நிற்கும்படி மடித்துக் கட்டுவார்கள். கொடியேற்று நாளில் முந்நூறு வீரர்கள் வரிசையில் நின்றால், முந்நூறு விசிறிகளும் ஒன்றுபோல நிற்கும். முரசு அதிர அதிர அவற்றின் ஓரமும் லேசாக அதிரும். அப்படி ஒரு காட்சியை இனி எங்கே போய்ப் பார்ப்பது? நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது.

அந்தத் தலைப்பாகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் தலைக்குத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. கூட நிற்கும் தோழன்தான் கட்டிவிட வேண்டும். மாலையில் அவிழ்ப்பதும் அவனே. கட்டிய கையைத் தவிர வேறு யார் கையும் அதை அவிழ்க்கக் கூடாது.

மாயழகுக்குக் கட்டிவிடுவது கொண்டலாத்தி. காலையில் துணியின் நுனியை மூக்கில் கவ்விக்கொண்டு அவன் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அவன் மடிப்புகளை விரலால் ஒதுக்கிக்கொடுப்பான். மாலையில் அதே நுனியைக் கவ்விக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பத்து முழம் சுற்றி முடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

ஒருநாள் அது கேட்டேவிட்டது. "அண்ணே, தினமும் உங்களுக்குக் கட்டுறேன். எனக்கு ஒண்ணு கட்டிவிட மாட்டீங்களா?"

"உனக்கா? முதல்ல தலை எங்க இருக்குன்னு காட்டுடா. மூக்கு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுது" என்று மாயழகு சிரித்தான்.

கொண்டலாத்தி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தலைப்பாகையை மட்டும் கட்டிவிட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

கொடியேற்று நாள் வந்தது. அன்று காலையில் மாயழகு தன் துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தெடுத்தான். கறுப்புக் கரையும் அதில் சேர்ந்தே வந்தது. பெரிய விரல்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் மல்லுக்கட்டி, அந்தச் சின்னத் தலையில் ஒரு சின்ன விசிறியை நிறுத்திவிட்டான். கொண்டலாத்தி தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

வரிசையைப் பார்வையிட வந்த தளவாய் திருமலைக்கொழுந்து அதன் முன்னால் நின்றார். "யாருப்பா இந்தப் புது வீரர்?"

"பழைய ஆளுதான் ஐயா, தலைதான் புதுசு" என்றான் மாயழகு.

தளவாயே சிரித்துவிட்டார். கொண்டலாத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதன் வாழ்நாளிலேயே நல்ல காலை அதுதான்.

மதியம் சேதி வந்தது. எதிரிகள் ஆற்றைக் கடக்கப் பார்க்கிறார்களாம். உண்மையா என்று பார்த்துவர இருவரையும் அனுப்பினார்கள். விழாவுக்குக் கட்டிய தலைப்பாகையோடேயே போருக்கும் போவது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் நாணல் காட்டுக்குள் நுழைந்ததும் மாயழகு தன் விசிறியை உள்ளங்கையால் அழுத்தி மடக்கினான்.

"நீயும் மடக்கிக்கடா. நாணலுக்கு மேல தெரிஞ்சா அம்பு வந்துரும்."

"சரிண்ணே."

சேதி உண்மைதான். அக்கரையில் நூறு பேருக்குமேல் பரிசல்களோடு பதுங்கியிருந்தார்கள். கொண்டலாத்தி ஒரு நாணல் தண்டில் உட்கார்ந்து அவர்களை எண்ணியது. எண்ணி முடித்துக் கீழே பார்த்தபோது, தேங்கிய தண்ணீரில் அதன் முகம் தெரிந்தது. விசிறி மடங்கியிருந்ததால் அதே பழைய மொட்டைத் தலை.

ஒரே ஒரு தடவை விரித்துப் பார்த்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அது நினைத்தது. விரித்தது.

அக்கரையில் ஒருவன் கை நீட்டினான். பத்துப் பதினைந்து விற்கள் ஒன்றாக வளைந்தன.

மாயழகு அதைப் பார்த்துவிட்டான். திட்டக்கூட நேரமில்லை. நாணலுக்குள்ளிருந்து தன் முழு உயரத்துக்கும் எழுந்து, தன் விசிறியை இரண்டு கைகளாலும் நிமிர்த்தி விரித்தான்.

"டேய்! இங்க பாருங்கடா!" என்று கத்தினான். விற்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. "நீ கோட்டைக்குப் போ! திரும்பிப் பாக்காத, போடா!"

கொண்டலாத்தி பறந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அது சொன்ன சேதியைக் கேட்டு முந்நூறு பேரும் ஆற்றங்கரைக்கு ஓடிவந்தார்கள். அவர்களைக் கண்டதும் எதிரிகள் பரிசல்களை விட்டுவிட்டு ஓடினார்கள். கோட்டை பிழைத்தது. மாயழகு நாணலுக்குள் அசையாமல் கிடந்தான். விசிறி மட்டும் மடங்காமல் நின்றது.

ஒரு வீரன் அவன் தலைப்பாகையை எடுக்கக் குனிந்தான்.

"தொடாத" என்றார் தளவாய். "கட்டினவன் இருக்கான்."

கொண்டலாத்தி துணியின் நுனியைக் கவ்வியது. தினமும் மாலையில் செய்வதுபோல எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. தளவாய் அந்தத் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். பத்து முழம். முழுக்கச் சுற்றி முடித்தது. அப்புறம் முந்நூறு வீரர்களும் ஒருவர் தலைப்பாகையை ஒருவர் அவிழ்த்துவிட்டு, வெறுந்தலையோடு நின்றார்கள்.

"ஐயா, அவர் சொல்லியும் கேக்காம நான்தான் விரிச்சேன். எனக்கு இது வேண்டாம், எடுத்துருங்க" என்று கொண்டலாத்தி தலையைத் தாழ்த்தியது.

தளவாய் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"அதுல என் கை படக் கூடாது. கட்டின கை இனி வராது. நீ சுமந்துதான் ஆகணும்யா" என்றார். பிறகு வீரர்கள் பக்கம் திரும்பினார். "விசிறி மரியாதைக்கு மட்டுந்தான். இனிமே போருக்குப் போற எவன் தலையிலயும் அது நிக்கக் கூடாது."

மாயழகை அந்தக் கரையிலேயே புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோட்டைகள் இடிந்தன. துணி தொப்பியானது, தொப்பியில் குஞ்சமும் இறகும் ஏறின. ஆனாலும் உயர்ந்த தொப்பியை அணிவகுப்புக்கு வைத்துக்கொண்டு, போருக்குப் போகும்போது கண்ணில் படாத ஒன்றைத்தான் படைகள் தலையில் வைக்கின்றன. இறந்தவர் முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

கொண்டலாத்தியால் மட்டும் கழற்ற முடிவதில்லை. தரையில் இறங்கியதும் ஒருமுறை விசிறியை விரித்து மரியாதை செய்கிறது, சட்டென்று மடக்கிக்கொள்கிறது. அப்புறம் மண்ணைக் குத்திக் குத்திப் பார்க்கிறது. புழு தேடுகிறது என்பீர்கள். புழுவும் தேடுகிறதுதான். ஆனால் அந்த நாணல் கரையில் தொடங்கி இன்றுவரை அது தலைப்பாகையோடேயே திரிகிறது, அதை அவிழ்க்க வேண்டிய கை மண்ணுக்குள் இருப்பதால்.