உடம்பில்லாத காவல்

"டீச்சர், உடம்பே இல்லாத ஒண்ண எப்படிச் சோதிக்கிறது?"

கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிய தலை நிற்பதற்கு முன்பே மருதவாணன் இதைக் கேட்டுவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே டீச்சர் வீட்டுக்கு வந்தவர், லேப்டாப் பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். ப்ரோக்ராம் எழுதியே தலை நரைத்தவர். ஏற்காட்டில் இருந்துகொண்டு ப்ரோக்ராம்களைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சருக்கு அவரைவிட வயது நிறையக் குறைவு. ஆனால் அந்தக் கணக்கை அங்கே யாரும் எடுப்பதில்லை. வாதம் செய்ய மலையேறிய பெரிய ஆட்களெல்லாம் வாயடைத்துப்போய் இறங்கியதாகத்தான் கேள்வி. டீச்சர் முன்னால் உட்காரும்போது மருதவாணனுக்கும் பள்ளிக்கூடத்துப் பயம் வந்துவிடும்.

"உக்காருங்க அண்ணே. உடம்பில்லாதது எது?"

"ஒரு ரோல் எழுதியிருக்கேன். காவல்னு பேரு வெச்சிருக்கேன்."

ரோல் என்பது அவர்கள் தொழிலில் ஒரு விசித்திரமான பிறவி. தானாக நிற்காது, தனியாக ஓடாது. ஏதாவது ஒரு க்ளாசுக்குள், அதாவது ஒரு கருவிக்கென்று எழுதிய ப்ரோக்ராமுக்குள், சேர்த்துவிட்டால் அங்கே உயிர் வந்து தன் வேலையைப் பார்க்கும். வாட்ச்மேன் வேலை என்று ஒன்று இருக்கிறது. ஆள் இல்லாமல் அந்த வேலையை மட்டும் கொண்டுபோய் கேட்டில் நிறுத்த முடியுமா? அப்படித்தான் இதுவும்.

மருதவாணனின் காவல் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கானது. டிரிப் பம்ப்புக்குள் போனால் சொட்டைக் காக்கும். ஆக்சிஜன் மீட்டருக்குள் போனால் மூச்சைக் காக்கும். இன்குபேட்டருக்குள் போனால் குறைமாதக் குழந்தையின் உடல்சூட்டைக் காக்கும். எழுதியது ஒரே தடவை, அது குடியேறும் உடம்புகளோ எத்தனை எத்தனை! எழுதி முடித்த அன்று அவருக்கே பிரமிப்பாக இருந்தது. வீட்டில் சொல்லிப் பார்த்தார். "சரி, சாப்பிட வாங்க" என்றார்கள்.

"எங்க ஓடப்போகுது?"

"திங்கட்கிழமை, பச்சிளங்குழந்தைங்க வார்டுல. முதல்ல இன்குபேட்டர்."

"டெஸ்ட்டெல்லாம்?"

"எல்லாம் பாஸ், டீச்சர். திரை பூரா பச்சை. ஒண்ணுகூடச் சிவப்பு இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மருதவாணன் லேப்டாப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நேத்து வார்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குள்ள ஒரு குழந்தை. என் உள்ளங்கையவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதப் பாத்ததுலேர்ந்து அந்தப் பச்சைய நம்ப முடியல."

டீச்சர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த உடம்புக்குள்ள வெச்சு சோதிச்சீங்க?"

"அதுலதான் ஆபீஸ்ல சண்டையே. ஒவ்வொரு கருவிக்குள்ளயும் தனித்தனியா வெச்சு சோதிக்கணும்னு சில பேரு. ஒரு பொம்மை போதும்னு நான். காவல் எதுக்குள்ள போனாலும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். அளவு என்ன? அதுக்குப் பதில் சொல்ற மெத்தட் அந்த க்ளாஸ்ல இருக்கணும். அதத் தவிர வேற எதுவும் அதுக்கு வேண்டாம். அதனால அந்த ஒரு மெத்தட மட்டும் வெச்சு ஒரு பொம்மை க்ளாஸ் செஞ்சேன்."

"பொம்மை என்ன சொல்லும்?"

"நான் சொல்லிக்குடுத்ததச் சொல்லும். முப்பத்தேழுன்னா முப்பத்தேழு. நாப்பதுன்னா நாப்பது. நாப்பதக் கேட்டதும் காவல் சத்தம் போடும். ஒரு தடவகூடத் தப்பல."

"சமத்துப் பொம்மை."

அது பாராட்டா கிண்டலா என்று மருதவாணனுக்குப் புரியவில்லை.

"நிஜ இன்குபேட்டர்?"

"அந்த க்ளாஸ்லயும் மெத்தட் இருக்கு, டீச்சர். இல்லேன்னா ரோலச் சேக்கும்போதே, எழுதினதச் சரிபாக்கற கம்பைலர் கத்தியிருக்குமே. ஒத்துக்கிச்சு."

"வாய் இருக்குன்னு பாத்துட்டீங்க."

"ஆமாங்க," என்றார் மருதவாணன், கொஞ்சம் பெருமையாகவே.

டீச்சர் ஒரு பாயை இழுத்து விரித்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான்தான் இன்குபேட்டர். நீங்க காவல். எனக்குள்ள வந்துட்டீங்க. நீங்க எழுதி வெச்சிருக்கறத மட்டும் செய்யணும். எழுதாத ஒண்ணையும் செய்யக் கூடாது, பேசக் கூடாது."

மருதவாணனுக்குச் சிரிப்பு வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அளவு என்ன?"

"முப்பத்தாறரை."

எழுதியிருந்தபடியே சும்மா இருந்தார்.

"அளவு என்ன?"

"முப்பத்தொம்போது."

"எச்சரிக்கை!"

"ம்."

"அளவு என்ன?"

"முப்பத்தஞ்சு."

"எச்சரிக்கை!"

மருதவாணனின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இத்தனை வருஷமாக எழுதுகிறார், தான் எழுதியதற்குள் போய் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே ஒரே இருட்டாக இருந்தது. அங்கிருந்து குழந்தை தெரியவில்லை, வார்டும் தெரியவில்லை. டீச்சரின் வாய் ஒன்றுதான் ஜன்னல். இவ்வளவு பெரிய பொறுப்பை இத்தனை சின்ன ஜன்னலை நம்பியா விட்டோம் என்று மலைத்துப்போனார்.

"அளவு என்ன?"

டீச்சர் பேசவில்லை.

மருதவாணன் காத்திருந்தார். பதில் வந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தார்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

காபித் தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது.

மருதவாணன் காத்திருந்தார்.

குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சென்சார் கழன்றுபோனால் இன்குபேட்டர் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. வாய் இருக்கும், பேச்சு இருக்காது. அப்போது காவல் என்ன செய்யும்? இதோ, இதைத்தான் செய்யும். கை கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். வார்டு அமைதியாக இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் பதில் வராதபோது கத்துவதற்கு அவர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

டீச்சர் அசையவில்லை.

கண்ணாடிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை மருதவாணன் மனக்கண்ணில் பார்த்தார். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுகிறதா என்று தெரியவில்லை.

"டீச்சர், சொல்லுங்க!"

பதில் இல்லை.

"யாராவது வாங்களேன்! குழந்தையப் பாருங்க! குழந்தையப் பாருங்க!"

குரல் அறையெங்கும் மோதித் திரும்பியது. எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இப்பக் கத்தினது யாரு? நீங்களா, காவலா?"

மருதவாணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திங்கட்கிழமை காவலை ஏற்ற வேண்டாம் என்று வார்டுக்குச் சொன்னார்.