குழந்தைக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு

கோணமரத்துப்பட்டிக்கு எப்படிப் போவது என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சாயங்காலம் மாடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதன் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். மாடு இல்லாதவர்கள் அடுத்த வீட்டு மாட்டை இரவல் வாங்கிக்கொள்வார்கள். பஸ்ஸில் போனவர்களைக் கண்டக்டரே பார்த்து இறக்கிவிட்டுவிடுவார். யாரும் இதுவரை தொலைந்ததில்லை.

அந்த ஊரில் சடையப்பன் என்று ஒருவன். தங்கமானவன். அவன் மனைவி மயிலாத்தாள் வேற்றூர்க்காரி என்பதால் கொஞ்சம் விவரமானவள். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் போன நாளிலிருந்து சடையப்பனுக்குத் தூக்கம் இல்லை. பாய்தான் காரணம் என்று பாயை மாற்றினான். தலை வைக்கிற திசையை மாற்றினான். பாயைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு, தான் மட்டும் வேறு மூலையில் போய்ப் படுத்துப் பார்த்தான். வீடு முழுக்கக் காலியாக இருக்கும்போது எந்த மூலையில் படுத்தால் என்ன?

ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பார்க்க ஓடினான். வாசலில் மாமியார், "குழந்தை தூங்குது மாப்ளே, அப்புறமா வாங்க" என்றார். சரி என்று அப்படியே திரும்பி ஊருக்கு வந்துவிட்டான். அடுத்த மாதம் மறுபடியும் போனான். அன்றைக்கும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாதம், மயிலாத்தாளின் அண்ணன் துரைச்சாமியே நேரில் வந்தான்.

"பையன் அச்சு அசல் நீங்களேதான் மாப்ளே. ஒரு வித்தியாசம் கெடையாது. பாக்கறவங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க."

சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு சேதி. வர்ற ஞாயித்துக்கெழம வந்து அவளையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போயிருங்க. ஆனா, குழந்தைக்கு ஆகற சாமானாப் பாத்து வாங்கிட்டு வரோணுமாம். ஆகாத சாமான் ஒண்ணு இருந்தாலும் அவ வரமாட்டாளாம். காலத்துக்கும் அங்கயே இருந்துக்குவாளாம்."

மயிலாத்தாளைக் குற்றம் சொல்வதற்கில்லை. மசக்கையில் அவள் ஒரு மாங்காய் கேட்டபோது, ஒரு மாங்கொட்டையை நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள" என்று சொன்னவன் இவன்.

சடையப்பன் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டினான். செம்மலை மூத்தவன், யோசிக்கிறவன். நாச்சிமுத்து சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அப்புக்குட்டி சந்தேகம் கேட்கிறவன். நான்கு பேரும் களத்துமேட்டில் உட்கார்ந்தார்கள்.

"குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு குழந்தையா இருந்தவனுக்குத்தான் தெரியும்" என்றான் செம்மலை. "நம்மள்ல யாராச்சும் குழந்தையா இருந்திருக்கீங்களா?"

செம்மலை விரல் விட்டு எண்ணத் தயாரானான்.

"நான் இருந்ததா எங்கம்மா சொல்லும்" என்றான் நாச்சிமுத்து. "ஆனா நான் பாக்கல."

"பாக்காததைச் சொல்லக்கூடாது" என்று அப்புக்குட்டி அதட்டினான்.

"அப்ப நான் இருக்கல. எழுதிக்கங்க" என்று நாச்சிமுத்து ஒதுங்கிக்கொண்டான். எழுத யாருக்கும் தெரியாததால் அது அப்படியே விடப்பட்டது.

சடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு நாளில்லை. தான் பெற்ற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரியாத தகப்பன் உலகத்தில் உண்டா? அப்போதுதான் செம்மலை நெற்றியைச் சுருக்கினான்.

"உங்க மச்சான் என்ன சொன்னாரு? சொன்ன மாதிரியே சொல்லு."

"அச்சு அசல் நானேதானாம். ஒரு வித்தியாசம் கெடையாதாம்."

"அப்பறம் என்னத்துக்கடா ஒக்காந்து அழுவற? உனக்கு எது ஆகுமோ அதுதான் குழந்தைக்கும் ஆகும். உனக்கு ஆகாதது அதுக்கும் ஆகாது. உன்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும், குழந்தையையே கூட்டிட்டுப் போன மாதிரி!"

சடையப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இத்தனை நாளாகப் பையன் எப்படி இருப்பானோ என்று தவித்துக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால் பிறந்ததிலிருந்து பழகிய ஆள்!

மறுநாள் டவுனுக்குப் போய்க் குழந்தைச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தார்கள். கடைப்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்ங்கண்ணா?"

"மூணு மாசமுங்க."

அவள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள். அப்புக்குட்டி வாங்கிச் சடையப்பனுக்கு மாட்டினான். கட்டைவிரலுக்கு மேல் ஏறவில்லை.

"அண்ணா, அது குழந்தைக்குங்க."

"இவனும் குழந்தையும் ஒண்ணுதானுங்க. வித்தியாசம் கெடையாதுன்னு அவங்க வீட்டுலயே சொல்லிட்டாங்க."

அந்தப் பெண் சடையப்பனுடைய மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பால் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். நாச்சிமுத்து டீக்கடைக்கு ஓடிப் பால் வாங்கி வந்து அதில் ஊற்றிச் சடையப்பன் வாயில் வைத்தான். மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எறங்குதா?"

சடையப்பன் வாயை எடுத்துவிட்டுச் சொன்னான்: "எறங்குது. ஆனா இன்னிக்குள்ள முடியாது. எம்பையன் பட்டினி கெடப்பான். சொம்பு வாங்கிரலாம்."

கிலுகிலுப்பையை அவன் மூக்குக்கு நேராக அப்புக்குட்டி ஆட்டினான். சடையப்பன் நேர்மையானவன்; கண்ணை மூடி யோசித்துவிட்டே பதில் சொன்னான். "எதுக்கு ஆட்டறேன்னு கேக்கத் தோணுதே தவிர வேற ஒண்ணும் தோணல."

கிலுகிலுப்பை ஆகாது என்று முடிவாயிற்று.

"இந்தத் தொட்டில் பாருங்க" என்றாள் கடைப்பெண், களைத்துப்போய். "இரும்புக் கம்பி. குழந்தையைத் தூக்கி இதுல போட்டீங்கன்னா போதும்."

அவள் வாய் மூடுவதற்குள் நாச்சிமுத்து சடையப்பனைத் தூக்கி அதில் போட்டான். தொட்டில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் படுத்தது.

"மூணு மாசக் குழந்தையைத் தாங்காத தொட்டில்" என்று செம்மலை வருத்தப்பட்டான்.

உள்ளேயிருந்து முதலாளி ஓடி வந்தார். பார்த்தார். கும்பிட்டார். "ஐயா, உங்க குழந்தைக்கு ஆகறது எங்கடையில ஒண்ணுமே இல்லீங்க. தயவுபண்ணி வேற கடைக்குப் போயிருங்க."

வெளியே வந்ததும் அப்புக்குட்டி நெகிழ்ந்துபோனான். "எப்பேர்ப்பட்ட மனுசன். வேற ஒருத்தனா இருந்தா நம்ம தலையில கட்டியிருப்பான்."

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஒரு நல்ல பித்தளைச் சொம்பு. ஒரு எட்டு முழ வேட்டி. மீசை சீவ ஒரு சீப்பு. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது பாம்பு பூச்சி இருக்குமே, அதற்கு ஒரு டார்ச் லைட். பழைய மண்வெட்டியில் சடையப்பனுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்தப் பிஞ்சுக் கைக்கும் அது வேண்டாம் என்று வழவழப்பான பிடி போட்ட மண்வெட்டி ஒன்று.

பெட்டிக்கடை முன்னால் நாச்சிமுத்து நின்றான். "பீடி ஒரு கட்டு?"

சடையப்பன் துடித்துப்போனான். "வேண்டாண்டா. நான் கெட்டது போதும். எம்பையனுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்."

"ஆனா நீ குடிக்கறியே? நீ குடிச்சா அவனும் குடிக்கறதாத்தான அர்த்தம்?" என்றான் அப்புக்குட்டி.

சடையப்பன் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டான். எத்தனையோ வருடமாக மயிலாத்தாள் கெஞ்சியும் நடக்காத காரியம்.

கடைசியாகச் செருப்புக்கடை. ஒன்பதாம் நம்பர் தோல் செருப்பு கச்சிதமாகப் பொருந்தியது. "புதுச் செருப்பு கொஞ்சம் கடிக்கும்ங்க, ரெண்டு நாளு போட்டு நடந்தாச் சரியாயிரும்" என்றான் கடைக்காரன்.

சடையப்பன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரெண்டு நாளும் அதைக் கழற்றவே இல்லை. குதிகால் தோல் வழன்று, கட்டைவிரல் கொப்புளித்து, நொண்டி நொண்டிக் களத்துமேட்டைச் சுற்றி வந்தான். "எங்காலு போனாப் போகட்டும். அவனுக்குக் கடிக்கக்கூடாது" என்றான். படுத்தபோதும் காலில் செருப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஊரில் போய் இறங்கினார்கள். பஸ் நிற்கிற இடமே மாமனார் வீட்டு வாசல்தான். மாமனார் விடிகாலையிலேயே தோட்டத்துக்குப் போயிருந்தார். மயிலாத்தாள் கூடத்தில் நின்றிருந்தாள். துணிமணியெல்லாம் கட்டி மூட்டை தயாராக இருந்தது. உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கியது. அவளைப் பார்த்ததும் சடையப்பனுக்குக் கால் வலி மறந்துவிட்டது.

"ஏனுங்க, இளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள். குரல் இளகித்தான் இருந்தது. அடுத்து, "சாமானைக் காட்டுங்க" என்றாள்.

செம்மலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சொம்பு. வேட்டி. சீப்பு. டார்ச் லைட். மண்வெட்டி. கடைசியில் சடையப்பன் செருப்பைக் கழற்றித் துண்டால் துடைத்து அவள் காலடியில் வைத்தான்.

"நல்லா மெதுவாக்கிட்டேன் புள்ள. இனி கடிக்காது."

மயிலாத்தாள் தூளிக்குள் கைவிட்டுக் குழந்தையை எடுத்து நீட்டினாள்.

நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். மண்ணுருண்டை மாதிரி ஒரு மொட்டைத் தலை. பல் இல்லை. மீசை இல்லை. செருப்புக்குள் விட்டால் ஆளே உள்ளே போய்விடும்.

"இது யாருங்க அம்மிணி?" என்று செம்மலை மரியாதையாகக் கேட்டான்.

"ம்? என்ர பையன்!" மயிலாத்தாள் மூட்டையை அவிழ்த்து உதறினாள். "ஒரு சாமான், ஒரே ஒரு சாமான் குழந்தைக்கு ஆகுமா இதுல? நான் வரல. காலத்துக்கும் வரல. போங்க எல்லாரும்!"

சடையப்பன் கிட்டே போனான். அந்த மொட்டைத் தலையை ஒரு விரலால் தொட்டான். பிறகு சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டான். மூன்று பேரும் மூலையில் கூடினார்கள்.

"மச்சான் பொய் சொல்ற ஆளு இல்ல" என்றான் செம்மலை. "ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாதுன்னு சொன்னாரு. வித்தியாசமே இல்லீன்னா, இதுல எது குழந்தை, எது தகப்பன்னு நாமளா எப்படிச் சொல்ல முடியும்?"

"முடியாது" என்றான் அப்புக்குட்டி.

"சாமான் யாருக்கு அளவாச் சேருதோ அவன்தான் குழந்தை. மிச்சம் இருக்கறது சடையப்பன்."

அப்புக்குட்டிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. சடையப்பனுக்கு மறுபடி செருப்பை மாட்டினார்கள். வேட்டியைச் சுற்றினார்கள். மீசையைச் சீவினார்கள். டார்ச்சைக் கையில் கொடுத்து, அலாக்காகத் தூக்கித் தூளிக்குள் வைத்தார்கள். தூளி நீண்டு தரையைத் தொட்டது.

"பாருங்க அம்மிணி, குழந்தைக்கு எல்லாம் அளவெடுத்தாப்பல இருக்குது. ஆகாத சாமான் ஒண்ணுமே இல்ல" என்றான் செம்மலை. பிறகு, வாயடைத்து நின்ற மயிலாத்தாளின் கையிலிருந்து சிசுவைப் பதமாக வாங்கிக்கொண்டான். "வா சடையப்பா, நாம ஊருக்குப் போலாம். நாளைக்குத் தண்ணி முறை உன்னுது. உன்ர மம்முட்டியை நாச்சிமுத்து எடுத்துக்குவான்."

தூளிக்குள் கிடந்த சடையப்பனுக்கு இதற்குமேல் ஒன்றும் கண்ணில் படவில்லை, காதில் விழுந்ததுதான்.

"ஒரே நாள்ல இப்படி எளைச்சுட்டியே மாப்ளே" என்று அப்புக்குட்டி குழந்தையிடம் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. அப்புறம் மயிலாத்தாள் மூட்டையை வாரிக்கொண்டு ஓடுகிற சத்தம்.

"அடப்பாவிகளா! தலையைப் புடிங்க! தலையைப் புடிங்க!"

"புடிச்சாச்சுங்க அம்மிணி!" என்று நாச்சிமுத்து கத்தினான். "என்ர தலையை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டேன்!"

மண்வெட்டி கீழே விழுகிற சத்தம். பஸ் வந்து நிற்கிற சத்தம். மயிலாத்தாளின் ஏச்சு வாசலிலிருந்து படியேறி, பஸ்ஸுக்குள் நுழைந்து, ஜன்னல் வழியாகத் தொடர்ந்து, கோணமரத்துப்பட்டிப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

சடையப்பன் யோசித்தான். மயிலாத்தாள் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையும் போய்விட்டது. அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதானே! நிம்மதியில் விசும்பல் வந்தது. விசும்பல் அழுகையாயிற்று. எழுந்து போகலாம் என்று பார்த்தால், தூக்கி வைத்தவர்கள் இறங்கச் சொல்லவில்லை.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவர். அழுகைச் சத்தம் கேட்டதும் கை தானாகத் தூளியைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சடையப்பன் கண்ணயர்ந்தான்.

பொழுது சாய மாமனார் தோட்டத்திலிருந்து வந்தார். சத்தம் போடாமல் தூளியை விலக்கிப் பார்த்தார். உள்ளே மீசையும் வேட்டியுமாகக் குறட்டை.

"வெடியால பாத்ததுக்கு இப்ப நல்லாத் தேறிட்டானே!" என்று மாமியார் காதில் கிசுகிசுத்துவிட்டு, தூளியைப் பழையபடி மூடி, நுனிக்காலில் நடந்து கைகால் கழுவப் போனார்.