முப்பது நத்தைகள்

புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்களைப் பல்கலைக்கழகம் வரவேற்கிற நாள் அது. விழா அரங்கின் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து, வருகிறவர் மேலெல்லாம் பன்னீர் தெளித்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, மேடையில் ஒரு கோப்பும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். சேர்ந்தவருக்குப் பக்கத்தில் அவருடைய நெறியாளர் வந்து நிற்பார். படம் எடுப்பார்கள். அங்கே வழக்கம் அப்படி.

முத்துக்காளை தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டான். அவனுடைய நெறியாளர் பேராசிரியர் பர்வதம் வரவில்லை.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. முப்பத்தொரு வயது ஆள். தேங்காய் மண்டியில் மூட்டை இறக்கினான். பிறகு அதே மண்டியில் பேரம் பேச உட்கார்ந்தான். அதற்கு நடுவில் மாலைக் கல்லூரியில் விலங்கியல் படித்து இரண்டு பட்டம் வாங்கினான். எதையும் யாரும் அவனுக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. இந்த இடத்தையும் சண்டை போட்டுத்தான் வாங்கினான்.

பர்வதத்திடம் எட்டுப் பேர்தான் ஆராய்ச்சி செய்யலாம், அது விதி. எட்டும் நிரம்பிவிட்டது என்று மூன்று வருஷம் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் வருஷம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டான். காலக்கெடு முடிந்தும் பெயர் நீக்காமல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஒருவர். அடுத்த வாரமே இடம் காலியானது. அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் டீயும் வடையும் அவன் செலவு. விதி என்று ஒன்று இருந்தால் எவனாவது அதை எடுத்துக் காட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நம்மை மாதிரி ஆளுக்கு இந்த உலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

மதியத்துக்கு மேல் சேர்க்கைப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினான். அதில் பர்வதத்தின் கையெழுத்து வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் கீழே ஆராய்ச்சிப் பிரிவில் கொடுக்க வேண்டும். மணி தாண்டினால் இடம் மறுபடி காலி.

ஆய்வுக்கூடத்தில் பர்வதம் சணல் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோர மேஜையை ஒரு பெண் காலி செய்துகொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கிய வயது. நோட்டுகளை அடுக்கி, கயிற்றால் கட்டி, கட்டுகளைத் தரையில் வைத்தாள். மேஜை முக்கால்வாசி வெறுமையாகியிருந்தது.

"விழாவுக்கு நீங்க வரலையே, மேடம்."

"வரலை."

"எல்லாருக்கும் அவங்கவங்க கைடு வந்தாங்க."

"அந்தத் தட்டுல முப்பது நத்தை இருக்கு," என்றார் பர்வதம். "கண்மாய் ஓரத்துல காய்ஞ்ச சேத்துலேருந்து காலையில தோண்டினது. உயிரோட எத்தனைன்னு பாருங்க."

கோபத்தோடு வந்தவனுக்கு வேலையைக் கொடுத்தால் அந்தக் கோபமெல்லாம் கைக்குத்தான் போகும். முத்துக்காளை சட்டைக் கையை மடித்தான். நத்தைகள் எல்லாம் வாயை மூடியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, எடை பார்த்து, விரலால் தட்டினான். தேங்காய் தட்டிப் பழகிய விரல்.

ஜன்னலோரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "தண்ணியில போட்டுப் பாருங்க தம்பி. தட்டினாத் தெரியாது."

"தெரியும்க்கா. தேங்காயைத் தட்டியே அழுகலைச் சொல்லிருவேன்."

"அப்ப இதுக்குள்ள தேங்காய்ப் பருப்பும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றை இறுக்கினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துவிட்டான். கனமாக இருந்தவை இருபத்தாறு. லேசாகக் கிடந்த நான்கையும் கழிவு வாளியில் போட்டான். கை கழுவுகிற தண்ணீர் விழும் வாளி அது. நான்கும் முழுகிப் போயின.

வேலை முடிந்த தெம்பில் அவளோடு பேச்சுக் கொடுத்தான். ஆராய்ச்சி முடிந்து ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டான். முடியவில்லை, போன வாரம் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றாள். பெயர் ஜெசிந்தா. ஒரே கண்மாயில் ஆறு வருஷமாக நத்தை எண்ணுகிறவள். நடுவில் இரண்டு வருஷம் மழையே இல்லாமல் கண்மாய் வெடித்துக் கிடந்தது, எண்ண ஒன்றும் இல்லை. போன வருஷம்தான் தண்ணீர் வந்தது. ஒரு முழு வருஷக் கணக்குக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி. அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தபோது யாரோ ஒரு மனுப் போட்டுவிட்டார்கள். அலுவலகம் பயந்துபோய், அதற்குப் பதில் அனுப்பிய கையோடு அவள் பெயரில் கோடு கிழித்துவிட்டது.

"அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரியலை," என்றாள். "நல்லா இருக்கட்டும்."

முத்துக்காளை படிவத்தை எடுத்து மடிக்கப் போனான்.

பர்வதம் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். எட்டாவது இடம் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெசிந்தாவின் கண் அந்த வரியில் ஒரு நிமிஷம் நின்றது.

"நீங்கதானா தம்பி? நல்லாப் பண்ணுங்க. மடை திறக்கிற சோலையப்பன்கிட்ட என் பேரைச் சொல்லுங்க, கண்மாய்க்குள்ள விடுவார். மேடு பக்கம் பாம்பு இருக்கும், பார்த்துப் போங்க."

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக அவன் எழுந்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள். இரண்டு கையிலும் இரண்டு கட்டு. ஒரு நோட்டை மட்டும் மேஜைமேல் விட்டுவிட்டு, நாலரை மணி பஸ்ஸுக்குப் படியிறங்கினாள்.

செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் முத்துக்காளை பர்வதத்தின் பக்கம் திரும்பினான்.

"இவங்கதான்னு நீங்க ஏன் சொல்லலை, மேடம்?"

"எத்தனை பேர்னு கேட்டிருந்தீங்க. ஒருத்தர்னு எழுதினேன்."

"நான் கேட்டது விதிப்படி சரிதானே?"

"சரிதான்."

"இந்தப் படிவத்தைக் கொடுக்காம விட்டா?"

"இடம் காலியாகும். அவ கேட்டா அவளுக்குக் கிடைக்கலாம். வேற ஒருத்தருக்கும் போகலாம். அதை நான் சொல்ல முடியாது."

அவன் படிவத்தைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று வருஷம் வாசலில் நின்றவன். யாருக்கோ போகலாம் என்கிற இடத்தை விட்டுவிட்டு மறுபடி மண்டித் தராசுக்கு முன்னால் போய் நிற்பதா? நியாயம் யார் பக்கம் இருக்கிறது என்று அவன் மனசு பேரம் பேசியது, கூட்டியது, குறைத்தது, படியவே இல்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கால் தானாகக் கீழே இறங்கியது. எழுத்தர் முத்திரை குத்தினார். வாழ்த்துகள் என்று சொல்லி ஒரு கற்கண்டு கொடுத்தார், காலையில் மிஞ்சியது. முத்துக்காளை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்தபோது ஜெசிந்தாவின் நோட்டு திறந்திருந்தது. மாதம், இடம், எண்ணிக்கை என்று ஆறு வருஷத்துக்கு வரிசையாக அவள் கையெழுத்து. காய்ந்த இரண்டு வருஷத்துக்கும் பக்கத்தை விடாமல், போய்ப் பார்த்த தேதியும் சுழியமும் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, எண்ணுக்கு இடம் விட்டிருந்தது.

"எழுதுங்க," என்றார் பர்வதம்.

மேடையில் கொடுத்த பேனாவை எடுத்து, இருபத்தாறு என்று எழுதினான்.

அப்போது வாளிக்குள் கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்த்தான். ஒரு நத்தை வாளியின் சுவரில் பாதித் தூரம் ஏறியிருந்தது. அடியில் இன்னொன்று மூடியை விலக்கி, கொம்பை மெல்ல நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் கல் மாதிரிக் கிடந்தன.

அவன் வாளிக்குள் கையை விட்டு நான்கையும் எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், இந்த ரெண்டும் திறக்குமா?"

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"சிலது ஒரு மணி நேரத்துல திறக்கும். சிலது விடிஞ்ச பிறகு திறக்கும். திறக்காததும் உண்டு."

முத்துக்காளை நோட்டைப் பார்த்தான். இருபத்தாறின் மை இன்னும் காயவில்லை.

"அப்ப இதை அடிச்சிட்டு வேற எழுதட்டுமா?"

"அடிக்க வேண்டாம். நீங்க எண்ணினது அதுதானே, இருக்கட்டும்," என்றார் பர்வதம். "பக்கத்துல, எவ்வளவு நேரம் காத்திருந்து எண்ணினீங்கன்னு எழுதுங்க."